ஆர்பிட்ரேஷன் ஃபெல்லோஷிப் கேட்டு பார் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாகச் சென்னையில் தொழில் செய்கிறேன். முதல் பத்து வருடம் சிவில் கேஸ்கள். அப்புறம் மெல்ல மெல்ல, கோர்ட்டுக்கு வெளியே நடுவர்களை வைத்துத் தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் பக்கம் வந்து, இப்போது முக்கால்வாசி வேலை அதுதான். கவுன்சில் தேர்தலில் தவறாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். எதையும் கேட்டு உங்களுக்கு எழுதியதில்லை. இப்போது எழுதுவது என் ஜூனியருக்கு நடந்த ஒன்றைப் பார்த்ததால்.

அவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தார். வந்த புதிதில், ஒரு ரோடு காண்டிராக்ட் தகராறில் நடந்ததை எல்லாம் தேதிவாரியாக எழுதித் தரச் சொன்னேன். 600 பக்கக் கட்டு. இரண்டு நாளில் எழுதி முடித்தார். நான் மூன்று முறை புரட்டியும் கவனிக்காமல் விட்ட ஒரு கடிதத்தைத் தனியாக எடுத்து, அதில் ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு மேசையில் வைத்திருந்தார். அந்த ஒரு வரியில்தான் அந்தக் கேஸ் எங்கள் பக்கம் திரும்பியது.

போன வருடம் அவர் வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் நிறுவனம் ஒன்றின் ஒன்பது மாத ஃபெல்லோஷிப்புக்கு, அதாவது மாதத் தொகை வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்து வேலை கற்றுக்கொள்ளும் வாய்ப்புக்கு, விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு ஒன்று, நேர்காணல் இரண்டு. தேர்வாகிவிட்டார். அன்று மாலை ஊரிலிருந்து வந்திருந்த கடலைமிட்டாயை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் குமாஸ்தா அண்ணன் கண் கலங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்து, தன்னால் வர இயலவில்லை என்று அந்த நிறுவனத்துக்குப் பணிவாக ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

காரணம் பணம். அந்த நிறுவனம் தரும் மாதத் தொகை, அந்த ஊரில் ஒரு அறை வாடகைக்கே சரியாகப் போய்விடும். அதையும் மாதக் கடைசியில்தான் தருவார்கள். விமான டிக்கெட் நம் செலவு. விசாவுக்கு வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். அறைக்கு இரண்டு மாத முன்பணம். குளிருக்குத் துணிமணி. காப்பீடு. எல்லாம் கூட்டிப் பார்த்தால், முதல் மாதப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே 4 லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டா குடுத்திருப்பீங்க மேடம். அதான் கேக்கல" என்றார்.

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் உள்ள நம் மாநில வழக்கறிஞர்கள் சிலரை, வருடந்தோறும் சர்வதேச ஆர்பிட்ரேஷன் ஃபெல்லோஷிப்புக்கு முழுச் செலவோடு அனுப்பி வைக்கும் ஒரு திட்டத்தைக் கவுன்சில் தொடங்க வேண்டும். முதல் வருடம் மூன்று பேர் போனால்கூடப் போதும்.

ஆர்பிட்ரேஷன் என்பதே பெரிய கம்பெனிகளின் பஞ்சாயத்து, நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பதினைந்து வருடம் முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் முதலில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நிசான் கேஸை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் கார் ஆலை அமைக்க 2008-ல் தமிழ்நாடு அரசு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய சலுகைத் தொகை வரவில்லை என்று அந்த ஜப்பான் கம்பெனி சொன்னது. ஒப்பந்தம் போட்டது மாநிலம். ஆனால் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான பொருளாதார ஒப்பந்தத்தைக் காட்டி, 2017-ல் இந்திய அரசின் மீது ஆர்பிட்ரேஷன் தொடுத்தார்கள். கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். நடுவர் மன்றம் சிங்கப்பூரை அமர்விடமாகக் கொண்டது. இந்த மன்றத்துக்கு விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று இந்தியா எழுப்பிய ஆட்சேபங்களை 2019 ஏப்ரலில் தள்ளுபடி செய்தார்கள். கடைசியில் 2020-ல் சமரசத்தில் முடிந்தது.

ஒரகடம் நம் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒப்பந்தம் நம் தலைமைச் செயலகத்தின் ஒப்பந்தம். வாட் வரியைத் திருப்பித் தருவது, சலுகை ஆணைகள், துறைகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்து என்று அந்தத் தகராறின் ஒவ்வொரு காகிதமும் நம் ஊர்க் காகிதம். ஒரு அரசாணையின் வாசகத்தைப் பார்த்ததும் அது எந்தத் துறையில் எப்படி உருவாகியிருக்கும் என்று ஊகிக்கத் தெரிந்த வழக்கறிஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த அறிவு சர்வதேச மன்றத்தில் போய் உட்கார வேண்டுமென்றால், அந்த மன்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஆட்களும் நம்மிடம் வேண்டும்.

இன்னொன்று, எல்லோருக்கும் நினைவிருக்கும். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகின் மீது என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர். அந்த வழக்கு கொல்லத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றம் போய், அப்புறம் கடல் சட்ட ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த ஒரு நடுவர் மன்றத்துக்குப் போனது. ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் தீர்ப்பாயம்தான் அதை நிர்வகித்தது. 2020 மே மாதம் வந்த தீர்ப்பில், அந்த வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்திய நீதிமன்றங்கள் அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொன்னார்கள். 10 கோடி ரூபாய் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

அதோடு அது முடியவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்தபோது அதே படகில் இருந்து உயிர் பிழைத்த மற்ற மீனவர்கள், தங்களுக்கும் பங்கு உண்டு என்று மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்தக் கேஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வேலை தெரிந்த ஒரு இளம் வழக்கறிஞர், அந்தக் கரையிலிருந்து வந்தவர், இந்திய அணியின் கடைசி நாற்காலியில் இருந்திருந்தால், "படகில் இன்னும் ஆட்கள் இருந்தார்களே, அவர்களுக்கு என்ன கேட்கிறோம்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டிருப்பார். கேட்டதால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வி அந்த அறையில் ஒலித்திருக்கும்.

மட்டக்களப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உங்கள் எல்லைக்குள் வராதுதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் முதலீட்டு ஆர்பிட்ரேஷன் படிக்கும் உலகத்து மாணவர் ஒவ்வொருவரும் முதலில் படிக்கும் கேஸ் அதுதான். 1987 ஜனவரி 28 அன்று, மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு இறால் பண்ணை, அரசுப் படைகளின் நடவடிக்கையில் அழிந்தது. பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படத் தமிழர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பண்ணையில் ஹாங்காங் கம்பெனி ஒன்றுக்குப் பங்கு இருந்தது. பிரிட்டனுக்கும் இலங்கைக்கும் இடையே 1980-ல் கையெழுத்தான முதலீட்டு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பெனி, முதலீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் இக்சிட் என்ற வாஷிங்டன் அமைப்பில் வழக்குப் போட்டது. 1990 ஜூனில் தீர்ப்பு. இலங்கை அரசு உரிய கவனத்தோடு நடந்துகொள்ளவில்லை, அதனால் கம்பெனிக்கு 4,60,000 டாலரும் வட்டியும் தர வேண்டும் என்று பெரும்பான்மை நடுவர்கள் சொன்னார்கள். இரு நாட்டு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றின் அடிப்படையில் ஒரு முதலீட்டாளர் வழக்குப் போட்டு வந்த முதல் தீர்ப்பு அது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க வந்த நூற்றுக்கணக்கான கேஸ்கள் அந்த வழியில் நடந்தவைதான்.

கம்பெனிக்கு ஒரு மன்றம் இருந்தது. அங்கே செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த மன்றத்தில் இடமே இல்லை. ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. இதை முதன்முதலில் ஒரு பாடப்புத்தகத்தில் படித்தபோது, "கிழக்கு மாகாணத்தில் ஒரு இறால் பண்ணை" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தார்கள். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் துறையின் அஸ்திவாரத்தில் நம் மொழி பேசியவர்களின் ரத்தம் இருக்கிறது. அந்தத் துறைக்குள் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பந்தங்களை எழுதும் இடத்தில், தீர்ப்புகளை வரைவு செய்யும் இடத்தில், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நிற்கத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

சரி, ஃபெல்லோஷிப் போனால் என்னதான் கற்றுக்கொள்வார்கள்? புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்ள முடியாதா?

முடியாது. நான் படித்துத்தான் வந்தேன், அதனால் சொல்கிறேன். இங்கே பல ஆர்பிட்ரேஷன்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கோர்ட் முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்காருவோம். ஓய்வு பெற்ற நீதிபதி நடுவராக இருப்பார். ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று கட்டணம். ஏழு மணிக்கு வாய்தா. அடுத்த தேதி ஆறு வாரம் தள்ளி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து முடிக்க ஒரு வருடம் போய்விடும். பெயர்தான் ஆர்பிட்ரேஷன், நாங்கள் அதைக் கோர்ட் மாதிரியே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சர்வதேச மன்றத்தில் முதல் உத்தரவிலேயே கடைசித் தேதி வரை அட்டவணை போட்டுவிடுவார்கள். சாட்சிகள் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் வந்து உட்காருவார்கள். விசாரணை ஒரே வாரத்தில், காலை முதல் மாலை வரை தொடர்ந்து நடக்கும். பேசியது அத்தனையும் அன்று இரவே எழுத்தில் வந்துவிடும். எதிர்த்தரப்பிடம் ஆவணம் கேட்பதற்கு ரெட்ஃபெர்ன் அட்டவணை என்று நான்கு கட்டம் போட்ட ஒரு தாள் உண்டு. முதல் கட்டத்தில் என்ன ஆவணம் வேண்டும், இரண்டாவதில் எதற்காக வேண்டும், மூன்றாவதில் எதிர்த்தரப்பின் ஆட்சேபம், நான்காவதில் நடுவர்களின் முடிவு. பார்க்கச் சாதாரணக் கட்டம்தான். ஆனால் அந்த இரண்டாவது கட்டத்தை மூன்று வரியில் எப்படி எழுத வேண்டும் என்பதில்தான் பாதிக் கேஸ் இருக்கிறது. அதை எழுதி எழுதித் திருத்தம் வாங்கினால்தான் வரும்.

ஃபெல்லோவாகப் போகிறவர் இந்த வேலைக்கு நடுவில்தான் உட்காருவார். நடுவர்களுக்குக் குறிப்பு எடுப்பார். இரு தரப்பின் ஆவணங்களையும் எண் போட்டுச் சரிபார்ப்பார். மேற்கோள் காட்டிய தீர்ப்பு உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா என்று தேடிப் பார்ப்பார். ஒரு கேஸை எந்தப் பக்கமும் சார்ந்து நிற்காமல், நடுவரின் தோளுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் வாய்ப்பு நம் தொழிலில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. எந்த வாதம் நடுவரின் மனதில் நின்றது, எது காற்றில் போனது என்பது அங்கேதான் தெரியும். அந்த ஒன்பது மாதம் ஒருவரின் தொழிலையே மாற்றிவிடும்.

தேவை எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்துக்கு 2020-ல் வந்த புதிய கேஸ்கள் 1,080. அந்த வருடம் அங்கே வந்த வெளிநாட்டுத் தரப்புகளில் இந்தியர்களே முதலிடம். 690 இந்தியத் தரப்புகள். கட்சிக்காரர்கள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். வழக்கறிஞர்கள் மட்டும் இங்கேயே இருக்கிறோம். இன்னொரு பக்கம், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே வரலாமா என்ற கேள்விக்கு வழி திறந்த வழக்கே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான். ஏ.கே. பாலாஜி வழக்கு 2012-ல் இங்கே தீர்ப்பாகி, 2018-ல் உச்ச நீதிமன்றம் போய் முடிந்தது. சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷனுக்காக வெளிநாட்டு வழக்கறிஞர் இங்கே வருவதை முற்றிலும் தடுக்க முடியாது என்று அது சொல்லிவிட்டது. 2023-ல் இந்திய பார் கவுன்சிலும் விதிகளை மாற்றிவிட்டது. அவர்கள் வரட்டும், எனக்கு அதில் பயமில்லை. அவர்கள் எதிரே உட்காரும்போது நம் பிள்ளைகளுக்கு அந்த அறையின் பழக்கவழக்கம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நல்ல தீர்ப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த தீர்ப்பு. ஆனால் அதனால் மாநில பார் கவுன்சில்களின் வருமானம் குறைந்திருப்பது எனக்குத் தெரியும். ஆகவே கவுன்சிலே முழுப் பணத்தையும் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு தனி நிதியை உருவாக்கி, அதை நம்பிக்கையாக நடத்துங்கள். ஆர்பிட்ரேஷனில் நன்றாகச் சம்பாதிக்கும் மூத்த வழக்கறிஞர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நடுவர்களாக உட்காரும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருக்கிறார்கள். சென்னையில் கிளை வைத்திருக்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு சிட்டிங் கட்டணத்தை இந்த நிதிக்குக் கொடுங்கள் என்று கவுன்சில் முறையாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். முதல் தொகையாக என் பங்கை நான் தருகிறேன்.

இப்படி ஒரு நிதி புதிய யோசனையும் இல்லை. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் பல வருடமாக இளம் சட்டப் பட்டதாரிகளை எடுத்து நீதிபதிகளோடு வேலை செய்ய வைக்கிறது. அவர்களுக்கான செலவை அவர்களை அனுப்பும் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். விளைவு, பணக்காரப் பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் போனார்கள். அது சரியில்லை என்று உணர்ந்து, வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவோருக்காக 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே ஒரு அறக்கட்டளை நிதி அமைக்கத் தீர்மானம் போட்டது. உலகத்தின் பெரிய நீதிமன்றத்துக்கே அந்தத் தவறு தெரிந்து திருத்தப் பார்த்தார்கள். நம் ஊர் அளவில் நாம் ஏன் செய்யக் கூடாது?

நம் உயர் நீதிமன்றமும் இந்தத் திசையில் ஏற்கெனவே ஒரு அடி வைத்திருக்கிறது. 2024 ஜூனில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி உங்களுக்குத்தான் உத்தரவிட்டது. சுற்றறிக்கைக்குப் பிறகும் பஸ் செலவுக்கு மட்டும் கொடுத்து வேலை வாங்கும் ஆபீஸ்கள் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். 20,000 ரூபாய் வாங்கும் ஜூனியர் அதில் 8,000 வாடகைக்கு, 5,000 ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் சாப்பிடுகிறார். அவரிடம் போய் 4 லட்சம் சேர்த்து வை, ஹேக் போகலாம் என்று யார் சொல்வது?

பணத்துக்கு அப்பால் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. அது முழுக்க உங்கள் கையில் இருப்பது. இந்திய பார் கவுன்சில் விதி 49-ன்படி, வழக்கறிஞர் ஒருவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. போனால் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் செய்வதை நிறுத்தி வைக்க வேண்டும். ஃபெல்லோஷிப் தொகை சம்பளமா, உதவித்தொகையா? ஒன்பது மாதம் வெளிநாட்டு நிறுவனத்தில் இருப்பது வேலையா, பயிற்சியா? என் ஜூனியர் போகத் தயாராக இருந்தபோது இதைப் பலரிடம் கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். ஒருவர் "சனதை, அதாவது வழக்கறிஞர் பதிவை, நிறுத்தி வைத்துவிட்டுப் போ" என்றார். இன்னொருவர் "யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வா" என்றார். தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆன ஒரு பெண்ணுக்கு நாம் சொல்லும் அறிவுரை இதுவா?

இந்தக் குழப்பம் சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் கட்டாயம் என்பதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. நம் மாநிலத்தில் எத்தனையோ இளம் வழக்கறிஞர்களுக்கு, குறிப்பாக முதல் தலைமுறையாக வந்தவர்களுக்கும் பெண்களுக்கும், அந்தத் தேர்வுதான் பெரிய நம்பிக்கை. ஒன்பது மாதம் விட்டுப்போனால் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்ற பயத்திலேயே பலர் விண்ணப்பமே போட மாட்டார்கள். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக வேலை செய்த காலத்தை அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. நடுவர் மன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புக்கு உதவும் வேலை அதற்கு மிக நெருங்கியது. அதையும் அதே மாதிரிக் கருதலாமா என்று உயர் நீதிமன்றத்துக்கும் இந்திய பார் கவுன்சிலுக்கும் நீங்கள் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை, ஃபெல்லோஷிப் போகிறவரின் பதிவு நிலை என்ன என்பதை ஒரு பக்கச் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. படித்த கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள். வியன்னாவில் சட்ட மாணவர்களுக்கு நடக்கும் விஸ் மூட் என்ற மாதிரி ஆர்பிட்ரேஷன் போட்டிக்குப் போனாரா என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு அணி போய் வர ஆகும் செலவைத் தாங்கக்கூடிய கல்லூரிகள் இங்கே மிகச் சில. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறாரா என்பதை வைத்தும் தள்ளிவிடாதீர்கள். என் ஜூனியரின் ஆங்கிலப் பேச்சு இன்னும் தயங்கித்தான் வருகிறது. எழுத்து கத்தி மாதிரி இருக்கும். ஒரு கேஸ் கட்டைக் கொடுத்து, இரண்டு நாள் டைம் கொடுத்து, நடந்ததைத் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள். பெயரை மறைத்துத் திருத்துங்கள். யார் போக வேண்டும் என்று அந்தக் காகிதமே காட்டிவிடும். தர்மபுரியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

போய் வந்தவர் இங்கேயே இத்தனை வருடம் தொழில் செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கேயே வேலை கிடைத்துத் தங்குபவர் தங்கட்டும். அடுத்து போகிறவருக்கு ஒரு தெரிந்த முகம் அந்த ஊரில் இருப்பதும் நமக்கு லாபம்தான். ஒன்றே ஒன்று கேட்கலாம்: திரும்பி வந்ததும், தன் ஊர் பார் அசோசியேஷனில் ஒரு நாள் உட்கார்ந்து, கற்றுக்கொண்டதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரெட்ஃபெர்ன் அட்டவணையைத் தமிழில் விளக்க முடியும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

மூத்த வழக்கறிஞர்களிடமும் இந்த மடல் வழியாகவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நல்ல ஜூனியரை ஒன்பது மாதம் அனுப்பிவிட்டு இருப்பது கஷ்டம். எனக்குத் தெரியும். அவர் விண்ணப்பித்தபோது என் மனதின் ஒரு மூலையில் "கிடைக்காமல் போனால் நல்லது" என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அனுப்புங்கள். நாற்காலியைக் காலியாக வைத்திருந்து, திரும்பி வந்ததும் உட்கார வையுங்கள்.

அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் திறமையைப் பார்த்துத்தான் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரை விமானம் ஏற்றும் பொறுப்பு இங்கே யாருக்கும் இல்லாமல் போனதுதான் என் வருத்தம். வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 6-ல் மாநில கவுன்சில் நல நிதிகளை அமைக்கலாம் என்று இருக்கிறது. அந்த அதிகாரத்தின் கீழ் இந்த நிதிக்கும் இடம் காண முடியும் என்று நம்புகிறேன். சட்டச் சிக்கல் எதாவது இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்போம்.

கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டுகிறேன். நிதியின் விதிகளுக்கு ஒரு வரைவு, தேர்வு முறைக்கு ஒரு வரைவு, விதி 49 பற்றிய சுற்றறிக்கைக்கு ஒரு வரைவு என்று மூன்றும் தயாராக இருக்கின்றன. கூப்பிட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். மூன்றாவதை எழுதியது என் ஜூனியர்தான். இந்த வருடமும் விண்ணப்பிப்பீர்களா என்று நேற்றுக் கேட்டேன். "சுற்றறிக்கை வரட்டும் மேடம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வாய்தாக் கட்டை எடுக்கப் போய்விட்டார்.

மிகுந்த மரியாதையுடன்,
சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர்